நாத்த மருந்தும் நெல்லிப்பாடி ரோடும்

நெல்லிப்பாடி ரோடு பெயர்ந்ததற்கு மலைக்கல்தான் காரணம் என்று மைக்கில் சொன்ன ஆலோசகர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

'தெரியாமல் சொல்லிவிட்டார்' என்று எழுதும்மா என்றாள் என் மகள். எழுத மாட்டேன். வேலை தொடங்கியதும் நீங்கள் முதலில் சுரண்டி எடுத்தீர்களே பழைய ரோடு, அதுவும் அதே மலைக்கல்லில் போட்டதுதான். அதே குவாரிக் கல். எத்தனையோ ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கிக் கிடந்த ரோடு அது. உங்கள் மெஷின் சுரண்டியபோதும் தார் கல்லை விடாமல் கட்டி கட்டியாகத்தான் வந்தது. அங்கே நின்று பார்த்த ஒருவருக்கு, இந்தக் கல்லில் தார் ஒட்டாது என்று சொல்ல எப்படி வாய் வந்தது?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் இருக்கிற நெல்லிப்பாடிக்குப் புது ரோடு போட ஒரு கம்பெனி வந்தது. மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டையும் ஒரேயடியாகச் சுரண்டினார்கள். கீழ்ப் பாதிக்கு மட்டும் தார் போட்டார்கள். முதல் மழையிலேயே ஜல்லி வேறு, தார் வேறாகக் கழன்று வந்துவிட்டது. உடனே அடிவாரத்தில் ஒரு கூட்டம். இந்த மலைக் கல் தாருக்கு ஆகாது, வெளியூரிலிருந்து கல் கொண்டுவந்தால் கட்டுப்படி ஆகாது, ஆகவே மேல் பாதி வேலை நிறுத்தப்படுகிறது என்றார் கம்பெனியின் ஆலோசகர். இப்போது நெல்லிப்பாடிக்கு இருந்த ரோடும் இல்லை. ரேஷன் லாரி பாதி மலையில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அங்கிருந்து தலைச்சுமை. மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த வண்டிகள் மேலே ஏற மாட்டோம் என்கின்றன.

அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "நீங்க உக்காருங்கம்மா, இது டெக்னிக்கல் விஷயம்" என்றார் மேடையில் இருந்த ஒருவர். உட்கார்ந்தேன். முட்டிவலி, அதனால் உட்கார்ந்தேன். வாய் வலி எனக்குக் கிடையாது.

என் பெயர் பச்சையம்மா. வடக்கனந்தல். எங்களுக்கு நிலம் கிடையாது. கல்யாணம் ஆன புதிதில் ரோட்டு வேலைக்கு ஜல்லி சுமக்கப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு முதலாளி தார்க் கலவை பிளான்ட் போட்டார். பத்தாவது வரை படித்தவள் என்பதால் என்னை அதன் டெஸ்ட் ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள். சல்லடை ஆட்டினேன், கல் கழுவினேன், காயவைத்தேன், எடை போட்டேன். வேலை பழகிய கதையை எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். விடுகிறேன். ஓய்வு பெறும்வரை அந்த ஒரு ரூமில்தான் இருந்தேன்.

இப்போது பிளான்ட்டில் வேலை செய்கிற பெண்கள் அவ்வப்போது போன் செய்வார்கள். "அக்கா, இப்பல்லாம் தாரு வரும்போதே எல்லாத்தயும் கலந்து வந்துடுது. ரப்பரு போட்டது, பாலிமரு போட்டதுன்னு பேப்பருல போட்டிருக்கு. நாங்க ஒண்ணுத்தயும் கலக்கறதில்ல" என்பார்கள். நல்லதுதான். கை பொசுங்காது, மூக்கு எரியாது. ஆனால் தாரோடு எதை, எதற்கு, எப்போது சேர்க்கிறோம் என்பது யாருக்கும் தெரியாமல் போனால், ரோடு பெயரும்போது கல்லைத் திட்டத்தான் தோன்றும்.

தாரும் கல்லும் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். எல்லாக் கல்லும் ஒட்டாது. எங்கள் மலைக் கல் தாரைவிடத் தண்ணீரை அதிகம் விரும்பும். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்தால் தாரைத் தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கட்டிக்கொள்ளும். அது கல்லின் குணம். குணத்தைக் குற்றம் என்று சொல்லக்கூடாது. அதற்குத்தான் சேர்மானம். சுண்ணாம்புத் தூள் ஒன்று. தாரில் ஊற்றுகிற திரவம் ஒன்று. பிற்பாடு பிளாஸ்டிக் பைகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சூடான ஜல்லி மேல் தூவினோம்; அது உருகிக் கல்லுக்குச் சட்டை போட்ட மாதிரி ஆகிவிடும், அதன்மேல் தார் பிடிக்கும். டயர்த் தூளும் வந்தது. எனக்கு மறக்காதது அந்தத் திரவம்தான். டின்னைத் திறந்தால் அழுகின மீன் வாடை. அதற்குக் கம்பெனிக்காரன் வைத்த பெயர் டின் மேலேயே இருந்துவிட்டது. எங்களுக்கு அது நாத்த மருந்து.

அந்த வாடை புடவையை விட்டுப் போகாது. சாயந்திரம் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவள் எழுந்துவிடுவாள். கண்டக்டர் தினமும் கேட்பார்: "இன்னா பச்சையம்மா, இன்னிக்கும் கருவாடா?"

"ஆமா. உனுக்கும் வூட்டுக்குக் குடுத்தனுப்பட்டுமா?"

"வேணாம் தாயி. என் பொண்டாட்டி என்னயே வெளிய தள்ளிடும்."

சிரிப்பார்கள். எனக்கு உட்கார இடம் கிடைக்கும். அந்த வாடை இன்றைக்கு எங்கேயாவது அடித்தால் நான் மூக்கை மூட மாட்டேன். நின்று இழுத்து மூச்சு விடுவேன்.

டெஸ்ட் ரூமுக்கு இன்ஜினியராக வந்தவர் ரஹமத்துல்லா சார். திருக்கோவிலூர்ப் பக்கம். ஒல்லியாக, கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டையோடு இருப்பார். ஜல்லி அள்ளும் ஆளையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் டீ கேட்பார். காலையில் ஒன்று, மூன்றரை மணிக்கு ஒன்று, இதுதான் அவர் டீ. நடுவில், "பச்சையம்மா, ஒரு டீ சொல்றீங்களா" என்றால் பிளான்ட்டே அடங்கிவிடும். எங்கேயோ எதுவோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை டிப்பர் டிரைவர் கலவையைத் தார்ப்பாய் மூடாமல் கொண்டுபோனான். சார் டீ கேட்டார். அந்த ஆள் திட்டு வாங்காமலேயே அழுதான்.

கல்லை யாரும் மட்டமாகப் பேசக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "கல்லு இருக்கிறபடி இருக்குங்க. நாமதான் அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கணும். தண்ணி சொல்லட்டும்" என்பார்.

தண்ணி சொல்வது என்றால், பாட்டில் டெஸ்ட். கழுவிக் காயவைத்த ஜல்லியைச் சுட வைத்து, அளவாகத் தார் விட்டு, எல்லாக் கல்லும் கருக்கும்வரை கிண்ட வேண்டும். ஆறிய பிறகு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெதுவெதுப்பான தொட்டியில் ஒரு பகல் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். மறுநாள் பாட்டிலுக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். கல் கறுப்பாகவே இருந்தால் தார் நிற்கும். வெள்ளையாகப் பல் காட்டினால் நிற்காது. சார் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார். பாட்டிலைச் சுற்றி வருவார். பிறகு என்னைப் பார்க்கச் சொல்வார். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால்தான் எழுதுவார். வேறு வேறாகச் சொன்னால் திரும்ப முதலிலிருந்து செய்யச் சொல்வார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். "என் கண்ணுல நம்பிக்கை இல்லன்னா நீங்களே பாத்துக்கினு போங்க சார்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "உங்க கண்ணுல நம்பிக்கை இருக்கு. என் கண்ணுலதான் கம்மி" என்றார். அப்படிப்பட்ட மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

அப்போதுதான் நெல்லிப்பாடிக்கு முதல் தார் ரோடு வந்தது. அதுவரை அது வெறும் மண் பாதை. மலைக் கல்லையே எடுத்து, நாத்த மருந்து கலந்து போடலாம் என்று சார் முடிவு செய்தார். பாட்டில் கறுப்பாகவே நின்றது. வேலை கீழிருந்து நன்றாக ஏறியது. கடைசித் துண்டு, ஊரை ஒட்டிய வளைவுகள் மட்டும் பாக்கி. அன்று காலை தொட்டியில் தாரைக் காய்ச்சி மருந்தையும் ஊற்றியாகிவிட்டது. டிப்பர் மேலே போனபோது ஊர்க்கவுண்டர் ரோட்டின் நடுவில் நின்று மறித்தார்.

"காப்பு கட்டிட்டோங்க. இனிமே வெளியூரு வண்டி வரக்கூடாது. தேரு நெலைக்கு வந்தப்புறம் வாங்க."

டிரைவர், "ரோடே உங்களுக்குத்தான போடறோம்" என்றான்.

"ரோடு எங்களுக்குத்தான். ஆத்தாவும் எங்களுதுதான். ரெண்டுத்துல யாரு மூத்தவங்க, நீயே சொல்லு."

டிரைவர் வண்டியைத் திருப்பிவிட்டான். யாருக்கும் கோபம் இல்லை. திருவிழா முடியட்டும் என்று எல்லோரும் ஊருக்குப் போனோம். சாரும் போனார். தார்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளக் கோதண்டம் அண்ணன் மட்டும் இருந்தார். கருணாபுரத்துக்காரர். தார் காய்ச்சுவதில் அவருக்கு மேலே ஆள் கிடையாது.

திருவிழா முடிந்தது. கடைசித் துண்டையும் போட்டோம். நெல்லிப்பாடிக்காரர்கள் எங்களுக்குக் கிடா வெட்டிச் சோறு போட்டார்கள். ரோடு இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஓடின.

மழை வந்தது. கீழே போட்டதெல்லாம் அப்படியே நின்றது. அந்தக் கடைசித் துண்டு மட்டும் உதிர்ந்துவிட்டது. கையால் அள்ளினால் ஜல்லி வெள்ளையாக வந்தது.

முதலாளி பிளான்ட்டுக்கு வந்தார். "கல்லு சரியில்லன்னு எழுதிக் குடுத்துடுங்க ரஹமத்துல்லா. அந்தத் துண்ட வுட்டுட்டு வந்துடலாம். யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

சார் என் பக்கம் திரும்பி, "பச்சையம்மா, ஒரு டீ" என்றார். மணி பதினொன்று.

அதன் பிறகு நடந்ததைத்தான் ஆலோசகர் ஐயா கவனமாகப் படிக்க வேண்டும். சார் எங்கள் யார்மேலும் சந்தேகப்படவில்லை. மருந்து ஊற்றவில்லையோ என்று ஒருவன் கிளப்பினான். ஊற்றிய அன்று அந்த வாடை தாங்காமல் சமையல்காரம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனதை எல்லோரும் பார்த்தோம். ஆக, மருந்து போனது நிஜம். கடைசித் துண்டுக்குப் போன கல்லை எடுத்து, புதுத் தாரில் புது மருந்து விட்டு ஒரு பாட்டில் வைத்தோம். திருவிழா முடிந்து தொட்டியிலிருந்து மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த தாரை விட்டு இன்னொரு பாட்டில். மறுநாள் முதல் பாட்டில் கறுப்பு. இரண்டாவது பாட்டில் வெள்ளைப் பல்லைக் காட்டியது. கல் ஒன்றேதான். கெட்டது தார்.

சார் போய்க் கோதண்டம் அண்ணன் பக்கத்தில் ஒரு காலித் தார் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"திருவிழா சமயத்துல தொட்டிய எப்படிப் பாத்துக்கினீங்க கோதண்டம்?"

அண்ணனுக்கு ஒரே பெருமை. "தீய அணையவே வுடலீங்க சார். ஒரு நாளு கூட தாரு ஆறல. வூட்டுக்குக் கூடப் போவல. கொதிக்கக் கொதிக்க வெச்சிக்கினு இருந்தேன்."

பழைய நாளில் தார் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். டின் டின்னாகத் தாரை உடைத்துப் போட்டு விறகில் காய்ச்சிய காலம். ஒருமுறை ஆறிப்போனால் திரும்ப இளக்குவதற்குள் பாதி நாள் போய்விடும். ஆறிய தார் மேல் பனித் தண்ணீர் நின்றிருந்தால், சூடேறும்போது பொங்கி வெளியே வரும். அப்படிப் பொங்கித்தான் கோதண்டம் அண்ணனின் தம்பிக்குக் கால் வெந்தது. அதனால் ஒருமுறை பற்றவைத்தால் வேலை முடியும்வரை அணைப்பதில்லை என்பது அவர்கள் ஜமாவின் கட்டு. வெறும் தாருக்கு அது சரி. ஆனால் இந்த மருந்து ஊற்றிய தாரை நாள் கணக்கில் கொதிக்கவிட்டால் மருந்து செத்துவிடும். வாடையும் போய்விடும், வேலையும் போய்விடும்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அது மருந்துங்க கோதண்டம். அத வேக வெக்கக் கூடாது" என்றார்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அப்பிடின்னா நான்தான் கெடுத்துட்டனா?"

"நான் சொல்லாம வூட்டுக்குப் போனது தப்பு. நீங்க பண்ணது உங்க வழக்கம்."

அதோடு விட்டிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். சார் நெல்லிப்பாடிக்கு ஏறினார். நானும் கோதண்டம் அண்ணனும் கூடப் போனோம். கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. ஊர்க்கவுண்டர் பயந்துபோயிருந்தார். "நாங்க வண்டிய மறிச்சதாலதான் ரோடு கெட்டுதுன்னு கீழ பேசிக்கறாங்க. இனிமே ரோடு வராதுன்னும் சொல்றாங்க. நெசமாங்க?" என்றார்.

சார் நின்றபடியே பதில் சொன்னார். "உங்க திருவிழா மேல தப்பு இல்ல. உங்க மலைக் கல்லு மேலயும் தப்பு இல்ல. தார்ல ஒரு மருந்து ஊத்தினோம். அத ரொம்ப நாளு அடுப்புல வெச்சா கெட்டுப்போவும்னு எனக்குத் தெரியும். அத ஆளுங்ககிட்ட நான் சொல்லல. ரோடு திரும்பவும் போட்டுத் தருவோம்."

கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டாள்: "அப்ப ஆத்தா கோச்சிக்கலயா?"

"எனக்குத் தெரிஞ்சி இல்லம்மா. என் மேல கோச்சிக்கினு இருந்தா தெரியல."

ஊர் சிரித்தது. கவுண்டர் சிரிக்கவில்லை. சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது கோதண்டம் அண்ணன் எனக்கு முன்னால் நடந்தார். அடிவாரம் வந்ததும், "இப்பிடி ஊர் நடுவுல நின்னு சொல்ற ஆள நான் பாத்ததில்ல பச்ச" என்றார். நானும் பார்த்ததில்லை.

முதலாளி முறைத்தார், முனகினார், கடைசியில் ஒத்துக்கொண்டார். உதிர்ந்த துண்டை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். இந்தத் தடவை சுண்ணாம்புத் தூளும் சேர்த்தோம். கையெல்லாம் வெந்து போகும் அது; பெண்கள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்தோம். அன்றிலிருந்து பிளான்ட்டில் ஒரு பழக்கம் வந்தது. மருந்து டின் கோதண்டம் அண்ணன் பொறுப்பு. டிப்பர் வந்து வரிசையில் நின்று, மேலே போக வழி இருக்கிறது என்று தகவல் வந்த பிறகுதான் டின்னைத் திறப்பார். அதுவும் அன்றைக்கு வேண்டிய தாருக்கு மட்டும். முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும், "வண்டி எங்கீது? காட்டு, ஊத்தறேன்" என்பார். மலையில் எந்த ஊரில் என்றைக்குக் காப்பு, எந்த வீட்டில் சாவு என்பதெல்லாம் எங்கள் பிளான்ட்டுக்குத்தான் முதலில் தெரியும். கேட்காமல் தார் காய்ச்ச மாட்டோம். மலைக்காரர்களும் தேதி குறித்ததும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள்.

அந்த ரோடு நின்றது. என் மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போகிறவரை நின்றது. நான் வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு நெல்லிப்பாடி போவேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைசி வளைவை மட்டும் நடந்து ஏறுவேன். வெயில் ஏறிய தாரில் செருப்பு லேசாக ஒட்டி விடும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். இதற்கு மேலே நான் சம்பாதித்தது ஒன்றும் இல்லை. ரஹமத்துல்லா சார் இப்போது இல்லை. கோதண்டம் அண்ணனும் இல்லை. ரோடு இருந்தது. அதையும் சுரண்டிவிட்டீர்கள்.

ஆலோசகர் ஐயா, பழைய ரோட்டைச் சுரண்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. எந்த ரோடும் ஒருநாள் தேயும். உங்கள் கீழ்ப் பாதி ஏன் உதிர்ந்தது என்பதும் எனக்குத் தெரியாது. மருந்து போடவே இல்லையா, போட்டு வேக வைத்தீர்களா, கலந்து வந்த தாரை வாங்கி வைத்து நாள் கடந்து போட்டீர்களா, ஈரக் கல்லில் ஊற்றினீர்களா, நான் அங்கே இல்லை. இருந்தவர் நீங்கள். கல்லைக் குறை சொன்னால் அது எழுந்து பதில் பேசாது என்ற தைரியத்தில் ஒரு ஊரின் வழியை அடைத்துவிட்டீர்கள். அதைத்தான் பொய் என்கிறேன்.

ஆபீஸில் உட்கார்ந்து உங்களுக்குள் எழுதிக்கொள்கிற பதில் எனக்கு வேண்டாம். வருகிற கிராம சபைக்கு நெல்லிப்பாடிக்கு வாருங்கள். அன்று கூட்டத்தில் நான் கேட்டு, உங்கள் மேடையில் இருந்தவர் உட்காரச் சொன்ன கேள்விக்கு ஊர் முன்னால், மைக்கில் பதில் சொல்லுங்கள்: அதே கல்லில் போட்ட பழைய ரோடு நின்றது, உங்களுடையது ஏன் நிற்கவில்லை? உங்கள் தாரில் எதைச் சேர்த்தீர்கள், சேர்த்த பிறகு எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? சொல்லிவிட்டு, மேல் பாதி வேலையை என்றைக்குத் தொடங்குவீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

நேரத்தோடு கிளம்புங்கள். பாதி மலைக்கு மேல் வண்டி வராது, நடக்க வேண்டும்.